கைம்மாறும் கையூட்டும்

இலஞ்சம் வாங்குவோனைப் பழிக்காத வாய் இலங்கையில் இல்லை. மேடையேறுவோர் அனைவரும் ஊழலை ஒழிப்பதாகவே சூளுரைக்கின்றனர். பத்திரிகைகள் அதனைப் புற்றுநோய் என்கின்றன. கோயிலிலும் விகாரையிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அது கண்டிக்கப்படுகிறது. ஆயினும் அதே வாய்கள், ‘அந்தக் கந்தோரில் எங்கட ஆள் ஒருவர் இருக்கிறார்’ என்று சொல்லும்போது பெருமையால் மலர்கின்றன. பணம் கைமாறினால் பாவம். சலுகை கைமாறினால் பண்பு. இவ்விரு தீர்ப்புகளும் ஒரே மனத்துள் ஒன்றையொன்று இடியாமல் குடியிருப்பது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பணங்கொடுத்து வாங்கப்படும் அநீதி ஊழலின் முற்றிய கதிராகும். அது முளைவிடும் நாற்றுமேடை வேறு. ஒருவர்க்கொருவர் சலுகை செய்து, அதனை மனத்துள் கடனாக எழுதிவைத்து, பின்னொரு நாள் வேறொரு சலுகையாக அறவிடும் வழக்கமே அந்நாற்றுமேடை. இதற்கு மனிதாபிமானம் என்றும் ஊர்ப்பற்று என்றும் நன்றியறிதல் என்றும் அழகிய பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. அவ்வழக்கத்தைப் போற்றிக்கொண்டே இலஞ்சத்தை எதிர்ப்பதாகச் சொல்லும் சமுதாயம், வேருக்கு நீரூற்றிக்கொண்டு கிளையை வெட்டும் சமுதாயமாகும்.

கொடுத்தலும், கொண்டதற்கு ஈடு செய்தலும் தம்மளவில் தீயனவல்ல. பிரெஞ்சுச் சமூகவியலாளரான மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், கொடுக்கும் கடப்பாடு, ஏற்கும் கடப்பாடு, திருப்பிச் செய்யும் கடப்பாடு என்னும் மூன்றும் தொன்மைச் சமுதாயங்களைப் பிணைத்து நின்றமையைக் காட்டினார். ஈழத்துக் கிராமிய வாழ்வை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. விதைப்பிலும் அரிவி வெட்டிலும் இன்று ஒருவன் வயலில் மற்றவன் இறங்கினால், நாளை மற்றவன் வயலில் அவன் இறங்குவான். கலியாண வீட்டு மொய்யும், வட்டியில்லாத கைமாற்றும், செத்தவீட்டிற்கு அயலவர் சமைத்தனுப்பும் உணவும் இவ்வகையினவே. வங்கியும் காப்புறுதியும் எட்டாத மக்களை இவையே காத்து வந்தன. இவற்றை இழிவென்று சொல்பவன் உழைக்கும் மக்களின் வாழ்வை அறியாதவன்.

ஆனால் இங்கெல்லாம் கொடுப்பவன் தன் உடலுழைப்பை, தன் நெல்லை, தன் பணத்தைக் கொடுக்கிறான் என்பது மனங்கொள்ளத்தக்கது. கந்தோர் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு நியமனத்தையோ, இடமாற்றத்தையோ, காணித்துண்டையோ, பாடசாலை அனுமதியையோ ‘செய்து கொடுப்பவர்’ தம்முடையதாக எதனைக் கொடுக்கிறார்? அவர் வழங்குவது பொதுமக்களின் உடைமை. பெறுவது தம் சொந்தக் கணக்கிற்கான நன்றி. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் இப்பக்தியில், தேங்காயின் உடைமையாளன் யாரென்று எவரும் கேட்பதில்லை. கிராமத்தின் கைம்மாற்று அறம் கந்தோருக்குள் நுழையும்போது பெயர் மாறாமலேயே பொருள் மாறிவிடுகிறது. அங்கே ஈகையாயிருந்தது இங்கே களவாகிறது.

தமிழர் தம் அறநூலாகக் கொண்டாடும் திருக்குறள் இச்சிக்கலை அறியாததன்று. அதில் செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரமாகவும் நடுவுநிலைமை 12ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நன்றி செய்தாரிடத்து அந்நன்றியை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்று உணர்த்தவே இவ்வதிகாரம் செய்ந்நன்றியறிதலின் பின் வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. நண்பர், பகைவர், இரண்டுமல்லாத அயலார் ஆகிய முத்திறத்தாரிடத்தும் ஒப்ப நிற்றலே நடுவுநிலைமை என்றும் அவர் விளக்குகிறார். நன்றி கொன்றவனுக்கு ஈடேற்றம் இல்லை என்ற அதே நூல்தான், நன்றி நீதியைத் தின்னத் தொடங்கும் இடத்தில் எல்லைக்கல்லையும் நாட்டியுள்ளது. முன்னைய அதிகாரத்தை மேடைதோறும் முழங்குவோர் பின்னையதை மறந்தமைக்குக் காரணம் மறதியன்று, வசதியே.

கொடையைப் பற்றிய பழந்தமிழ்ச் சிந்தனையும் இதற்கு இயைபுடையதே. ஆய் என்னும் வள்ளலைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமையிற் பயன் கிட்டும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகனல்லன் அவன் எனப் புறநானூற்றில் போற்றுகிறார். மறுமைப் பயனை எதிர்பார்ப்பதையே வாணிகம் என்று இகழ்ந்த மரபில் வந்தோர், அடுத்த தேர்தலிற் கிடைக்கும் வாக்கையும் அடுத்த மாதம் கிடைக்கும் பெர்மிட்டையும் எதிர்பார்த்துச் செய்யும் உதவிக்கு ஈகை என்று பெயரிடுதல் நகைப்பிற்கிடமானது.

இவ்வறம் தமிழ் நூல்களோடு நின்றதுமன்று. சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன், வழக்குத் தீர்க்குமிடத்து நண்பர் பகைவர் என்ற வேறுபாடின்றி நீதி செலுத்தினான் என்று மகாவம்சம் பதிவு செய்கிறது. கன்றையிழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது தன் மகனையே அவன் தண்டித்த கதையையும் அந்நூல் கூறுகிறது. கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், துட்டகைமுனுவைத் தலைவனாகக் கொண்ட நூல் அவனுடைய பகைவனைப் புகழ வேண்டியிருந்தது ஒரே காரணத்திற்காகவே. அக்காரணம் நடுவுநிலைமை. எல்லாளனது வாயிலில் தொங்கிய மணி, அசைப்பது யாரென்று பார்த்து ஒலிக்கவில்லை. இன்றைய வாயில்களில் மணியை அசைக்கு முன் ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்நிலை மக்களின் பிறவிக் குணத்தால் வந்ததன்று. அதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், ஆங்கிலேயர் நாட்டை ஆண்டது முதலியார், மணியகாரர், உடையார், விதானை என்னும் தலைமைக்காரர் வாயிலாகவே. அரசுக்கும் குடியானவனுக்கும் இடையே நின்ற இவர்களுக்குக் கையுறை கொண்டு செல்லாமற் கருமம் ஆகாது என்பதே பல தலைமுறைகளின் பாடமாயிற்று. 1963இல் கிராமத் தலைமைக்காரர் பதவி நீக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அவ்வுத்தியோகத்தரை ‘விதானையார்’ என்றழைக்கும் வழக்கம் மறையவில்லை. சட்டம் பதவியின் பெயரை மாற்றியது. நிலமானிய உறவின் மனப்பாங்கை மாற்றவில்லை.

1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. மக்களாட்சியின் வருகை தரகனை விரட்டியிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது மறுதலையானது. நிர்வாகக் குழுக்களில் அமர்ந்த அரசாங்க சபை உறுப்பினரே புதிய தலைமைக்காரராயினர். அவர்களிற் சிலர் கைலஞ்சம் பெற்றமையை 1943இல் எல். எம். டி. டி சில்வா ஆணைக்குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. சுதந்திரத்தின் பின் தலகொடபிட்டிய ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து, 1965ஆம் ஆண்டுச் சட்டமொன்றினாற் சிலரது குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. ஆட்கள் தண்டிக்கப்பட்டனர், அவர்களை ஆக்கிய உறவுமுறை தண்டனையின்றித் தழைத்தது.

சோல்பரி யாப்பு நியமனங்களைச் சுதந்திரமான பகிரங்க சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பு அவ்வதிகாரத்தை அமைச்சரவையின் கைக்கு மாற்றியது. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத் துண்டு தகைமைச் சான்றிதழை வென்ற காலம் அது. 1977இல் ஆட்சி மாறியது, முறை மாறவில்லை. ‘தொழில் வங்கி’ என்ற பெயரில் வேலைவாய்ப்பு விண்ணப்பப் படிவங்களே பாராளுமன்ற உறுப்பினர் வாயிலாக விநியோகிக்கப்பட்டன. இடதுசாரிகள் பங்குகொண்ட ஆட்சியும் திறந்த பொருளாதாரத்தை வரவேற்ற ஆட்சியும் பிற எல்லாவற்றிலும் முரண்பட்டு இதில் மட்டும் உடன்பட்டன. 2001இல் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை நிறுவியதும், 2010இல் 18ஆம் திருத்தம் அதனைச் செயலிழக்கச் செய்ததும், 2015இல் 19ஆம் திருத்தம் அதனை மீட்டதும், 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் அதனை ஒதுக்கியதும், 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடியும் கொணர்ந்ததும், நியமன அதிகாரம் எத்துணை இனிய கனி என்பதை உணர்த்தும்.

இவ்வழக்கம் மக்களின் ஒழுக்கத்தை எவ்வாறு உருமாற்றுகிறது என்பது அடுத்து நோக்கற்பாலது. சலுகைப் பரிமாற்றத்தில் இருவரே தெரிகின்றனர். கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர். இருவரும் மகிழ்கின்றனர். மூன்றாமவர் அங்கில்லை. தகுதியிருந்தும் நியமனத்தை இழந்த பட்டதாரிக்குத் தன் இடம் எங்கே போயிற்று என்பது தெரியாது. கஷ்டப் பிரதேசத்தில் ஆண்டுகள் பல கழித்த ஆசிரியைக்குத் தன் இடமாற்றம் யாருக்குக் ‘கருணையாக’ வழங்கப்பட்டது என்பது தெரியாது. அடிபட்டவர் காணப்படாமையால், அடித்தவர் தம்மை அடித்தவராகவே உணர்வதில்லை. களவுக்கு நெஞ்சு சுடும். சலுகைக்கு நெஞ்சு குளிரும். மனச்சாட்சியை விழிக்க விடாமல் வஞ்சிக்கும் தீமை என்பதனாலேயே இது இலஞ்சத்திலும் கொடிதாகின்றது.

அடுத்து, உரிமை பிச்சையாகிறது. சட்டப்படி தனக்குரிய ஓய்வூதியத்தையோ நிவாரணத்தையோ பெற்றவன், பெற்றுத் தந்தவர் காலடியில் நன்றியுடன் நிற்கிறான். தனக்குரியதற்கு நன்றி சொல்லப் பழகியவன், பிறர்க்குரியது தனக்குக் கிடைக்கும்போதும் நன்றி மட்டுமே சொல்வான், கேள்வி கேட்கான். குடிமகன் கையாளாகத் தாழ்வது இவ்வாறே. சொற்களும் உடன் தாழ்கின்றன. விதியை மீறுதல் ‘உதவி’யாகவும், கையூட்டு ‘சந்தோசமாக’வும் வழங்குகின்றன. விதியைக் காக்கும் உத்தியோகத்தர் ‘தலைக்கனம் பிடித்தவர்’, ‘சொந்தச் சனத்துக்கே செய்யாதவர்’ என்று தூற்றப்படுகிறார். நேர்மை ஈவிரக்கமின்மையின் மறுபெயராகிவிட்ட சமுதாயத்தில் இளம் உத்தியோகத்தர் எத்தனை காலம் நேர்மையராய் இருப்பார்?

மூன்றாவதாக, நன்றி மௌனமாகிறது. மகனுக்கு வேலை பெற்றவர், வேலை தந்தவரது ஒப்பந்த ஊழலைப் பற்றிப் பேசமாட்டார். பேசினால் நன்றி கெட்டவர் என்று ஊர் சொல்லும். ‘சில்லறை உதவிகளை விட்டுவிட்டுப் பெருங்கொள்ளையரைப் பிடியுங்கள்’ என்போர் இதனைச் சிந்திப்பதில்லை. பெருங்கொள்ளைக்குக் காவலாக நிற்பது துப்பாக்கி அன்று. ஆயிரம் சில்லறை உதவிகளால் அடைக்கப்பட்ட ஆயிரம் வாய்களே.

‘ஏழைக்குச் சட்டத்தின் கதவு திறவாது, சிபாரிசு ஒன்றே அவனுக்குள்ள வழி’ என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. இதிற் பாதி உண்மை. கதவு மூடியிருப்பது உண்மை. ஆயின் அக்கதவை மூடி வைத்திருப்பது எது? சிபாரிசின்றித் திறந்துவிட்டால் சிபாரிசு செய்பவருக்கு மதிப்பேது? மேலும், பரிமாற்றம் என்பது இருப்பவர்க்கிடையே நிகழ்வது. வைத்தியர் அதிபருக்கும், அதிபர் வங்கி முகாமையாளருக்கும், முகாமையாளர் ஒப்பந்தகாரருக்கும் உதவலாம். ஒவ்வொருவரிடமும் மாற்றிக்கொள்ள ஏதோ ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளிக்கும் மீன்பிடித் தொழிலாளிக்கும் மாற்றிக்கொள்ள எஞ்சியிருப்பவை வாக்கும் வணக்கமுமே. அவற்றைக் கொடுத்து அவர்கள் பெறுவது வாக்குறுதி. ஏழையின் பெயரால் நடைபெறும் இச்சந்தையில் ஏழையே மிகக் கூடிய விலை கொடுக்கிறான்.

‘விதி குளிர்ந்தது, உறவு வெதுவெதுப்பானது’ என்று இரசனையோடு வாதிப்போரும் உளர். உறவின் வெதுவெதுப்பு அதற்குள் இருப்பவர்க்கே உரியது. உறவினரற்றவர், ஊர் மாறி வந்தவர், சாதியின் பெயராற் புறத்தே நிறுத்தப்பட்டவர் ஆகியோர்க்கு அவ்வெதுவெதுப்பு அடைத்த கதவின் இடுக்கில் தெரியும் வெளிச்சமே. நூற்றாண்டுக் கணக்காக ஆலயத்தின் வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கு வழி திறந்தது எவருடைய உறவுமன்று. போராட்டமும் அதன் வழிவந்த சட்டமுமே. 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் முகம் பாராதது என்பதே அதன் பெருமை.

சட்டங்களுக்கு இந்நாட்டில் குறைவில்லை. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் கையூட்டைப் பணமென்று மட்டும் வரையறுக்கவில்லை. தொழில், சேவை, அநுகூலம் முதலிய எவ்வகைச் சலுகையும் அதனுள் அடங்கும். 1994இல் ஊழல் தனிக் குற்றமாக்கப்பட்டது; விசாரணைக்கென ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. 2023இல் ஊழலெதிர்ப்புச் சட்டம் இவற்றை விரிவுபடுத்தியது. ஆக, சமுதாயம் பண்பென்று கருதுவதைச் சட்டம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகக் குற்றமென்று சொல்லி வருகிறது. ஆயினும் முறைப்பாடு செய்பவர் வேண்டுமே! கொடுத்தவரும் பெற்றவரும் பயனடைந்த குற்றத்தில் முறையிடுபவர் யார்? மக்களின் அறவுணர்வு துணைநிற்காத இடத்திற் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

தமிழ்ச் சமுதாயம் இவ்விடயத்திற் சிறப்பாகத் தன்னைத் தானே கேட்க வேண்டிய வினாவொன்றுண்டு. 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, தகுதியே அளவுகோலாதல் வேண்டும் என்ற குரல் வடக்கிலும் கிழக்கிலும் ஓங்கி ஒலித்தது. ஒருவன் யார் என்பதைப் பார்க்காது அவன் பெற்ற புள்ளியைப் பார் என்பதே அக்குரலின் சாரம். அரச நியமனத்திலும் காணிப் பங்கீட்டிலும் இனம் பார்க்கப்படுகிறது என்ற முறைப்பாட்டின் அடிப்படையும் அதுவே. அத்தகைய சமுதாயம் தன் சொந்தப் பாடசாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பிரதேச சபைகளிலும் ஆலய அறங்காவற் சபைகளிலும் ஊர், உறவு, சாதி பார்த்துக் கருமமாற்றுமாயின், பேரினவாதத்திற்கு எதிராக அது ஏந்தும் வாளின் கூரைத் தானே மழுக்கிக் கொள்கிறது. பெரும்பான்மையோன் தன்னவனுக்குச் செய்வது அநீதியாயின், சிறுபான்மையோன் தன்னவனுக்குச் செய்வது எங்ஙனம் அறமாகும்? வெளியே நடுவுநிலைமையைக் கோருவோர் உள்ளே சலுகையைக் கோருதல் இரட்டை நாக்கன்றி வேறில்லை.

பல்கலைக்கழகமும் இவ்விசாரணைக்கு அப்பாற்பட்டதன்று. சலுகையின் இலக்கணத்தை விமர்சிக்கக் கற்கும் இளைஞர், பட்டச்சுருளை வாங்கிய மறுநாளே எந்த அமைச்சரின் வாயிலில் நிற்கலாம் என்று ஆலோசிப்பாராயின், அக்கல்வி அவர்களை என்ன செய்தது? வேலையில்லாக் கொடுமை அவர்களை அங்கே தள்ளுகிறது என்பது மெய்யே. ஆனால் ஒருவர் பின்கதவால் நுழையும்போது முன்கதவில் நிற்கும் தோழரின் வரிசை ஓரடி பின்னே தள்ளப்படுகிறது. தனித்தனியே பின்கதவைத் தேடும் ஆயிரம் பட்டதாரிகள், ஒன்றுசேர்ந்து முன்கதவைத் திறக்கும் வலிமையைத் தாமே இழந்துவிடுகின்றனர். சிபாரிசு என்பது கூட்டுப் போராட்டத்தின் முதற் பகையாகும்.

மாற்றம் இயலாததென்று சோர்வதற்கில்லை. 2022இன் எரிபொருட் பஞ்சத்தில் மக்கள் நாட்கணக்காக வரிசையில் காத்துக்கிடந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் கியூஆர் குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்ததும், வாகனத்திற்கு இத்தனை லீற்றர் என்ற பங்கீடு ஏற்பட்டது, வரிசைகளும் குறுகின. அம்முறை குறையற்றதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் விதி எல்லார்க்கும் தெரிந்ததாகவும் எல்லார்க்கும் ஒன்றாகவும் இருந்தபோது, ஆளைப் பிடிக்கும் தேவை பெரிதும் அற்றுப்போனமை கண்கூடு. மக்கள் சலுகையை விரும்புவது அதன் சுவைக்காக அன்று. விதியில் நம்பிக்கை இழந்தமையாலேயே.

ஆகவே வேண்டப்படுவது வெறும் உபதேசமன்று. நியமனத்திற்கும் இடமாற்றத்திற்கும் பாடசாலை அனுமதிக்கும் உரிய புள்ளிப் பட்டியல்கள் வெளிப்படையாக ஒட்டப்படுதல் வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் வழங்கப்படுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தை ஊரிலுள்ள வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் தொழிற்சங்கங்களும் கையிலெடுத்து, காணாமற்போன அந்த மூன்றாமவரைக் கண்முன் கொண்டுவருதல் வேண்டும். அவர் முகம் தெரிந்துவிட்டால் சலுகையின் அழகு குலைந்துவிடும்.

இவற்றோடு அறத்தின் வரிசையும் திருத்தப்படல் வேண்டும். நன்றியறிதல் மனிதனுக்கு அணி. அதனை எவரும் களைய வேண்டியதில்லை. ஒருவர் தமக்கு நன்றி செய்தவர்க்குத் தம் வீட்டிலிருந்து ஈடு செய்யட்டும். தம் உழைப்பால், தம் பொருளால், தேவையேற்படின் தம் உயிராலும் செய்யட்டும். பொதுமக்களின் பெட்டகத்திலிருந்து தம் சொந்தக் கடனைத் தீர்க்கும் உரிமை மட்டும் எவர்க்கும் இல்லை. செய்ந்நன்றியறிதலைக் கற்ற சமுதாயம் அடுத்த அதிகாரத்திற்கு ஏட்டைப் புரட்டும் நாள் வரையில், இலஞ்சத்தை ஒழிப்பதாக அது எழுப்பும் முழக்கம் அனைத்தும் தன் குரலைத் தானே கேட்டு மகிழும் வெற்றொலியாகவே இருக்கும்.